இரண்டு எண்கள்

பெரம்பூர் வீட்டைக் காலி செய்த அன்று
பெரியப்பா ஞானாபரணத்தின் பீரோ அடித்தட்டில்
மக்கிய தோலுறைக்குள் கிடந்தது.
"பொம்மை. மூர் மார்க்கெட்ல வாங்கினது"
என்றான் ரூபன்.
எங்களிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.
பொம்மைக்கு இந்தக் கனம் வராது.

அம்பத்தூரில்
அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை.
மயிரிழை பிசகினாலும் சிவப்புச் சீட்டு ஒட்டுவேன்.
குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன்.
விசையில் விரல் படாமல்
பிடியிலிருந்து தோட்டாக்கூட்டை உருவினேன்.
காலி.
குழலின் அடியறையில் டார்ச் அடித்தேன்.
காலி.
அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டேன்.

தேங்காயெண்ணெய் போட்டிருக்கிறார் மனுஷன்!
அது அரக்காய் இறுகி
கரப்பான் கால் ஒன்றையும் சேர்த்துப் பிடித்திருந்தது.
உறை தொட்ட இடமெல்லாம் இரும்பில் அம்மைத்தழும்பு.
காப்பாற்றத்தான் உறை என்று நினைத்திருப்பார்.
பதனிட்ட தோலின் புளிப்பு
உள்ளிருந்தே தின்றிருக்கிறது.
மிச்சத்தைக் காசிமேட்டுக் காற்று.

"உப்புத்தாள் வாங்கிட்டு வரேன், பளபளன்னு ஆக்கிடலாம்."
தொடாதே என்றேன்.
துருவைத் தேய்த்தால் துரு மட்டும் போகாது.

தையல் மெஷின் எண்ணெய், சொட்டுச் சொட்டாய்.
பழைய பனியன் துணி.
ஊற வை, ஒற்று, மறுபடி ஊற வை.
மூன்றாம் ராத்திரி எழுத்து மேலே வந்தது.
ஒரு வட்டக்குறி, ஒரு ஜப்பானிய எழுத்து,
பக்கத்தில் 19.2.

எந்தப் பத்தொன்பது?
அவர்கள் ராஜா பட்டமேறியதிலிருந்து எண்ணுவார்களாம்.
இருபத்தைந்து கூட்டினால் நாற்பத்து நாலு.
நமக்கு அது சுபானு வருஷம்,
தை கடைசியோ மாசி முதலோ.

விசையைச் சுற்றிய வளையம் ஏன் இத்தனை அகலம்?
கம்பளிக் கையுறை போட்ட விரல் நுழைவதற்கு.
பனிக்காட்டு விரலுக்கென்று அளந்தது
பர்மாச் சேற்றுக்குப் போய்
கத்திரி வெயிலில், கரண்ட் இல்லாத அறையில்
என் வியர்த்த கைக்கு வந்திருக்கிறது.

பெரியப்பா யாரையும் சுடவில்லை.
அவருடைய பட்டாளப் புத்தகம் சொல்கிறது:
கிடங்குக் குமாஸ்தா, ரங்கூன்.
சரணடைந்தவர்கள் போட்டுவிட்டுப் போன குவியலை எண்ணி
பேரேட்டில் ஏற்றியவர்.
அதற்குள் மடித்த ஒரு கார்பன் நகல்:
கைத்துப்பாக்கி, 140.
கடைசிச் சுழியத்தை மட்டும் லூப்பு வைத்துப் பார்த்தேன்.
அடியில் நிமிர்ந்து நிற்கிறது
ஓர் ஒன்று.

ஏன் எடுத்தார்?
அவரிடமே கேட்டிருந்தால்
மூர் மார்க்கெட் என்றிருப்பார்.

துடைத்துப் பூட்டும்போதுதான் கவனித்தேன்.
உடலில் எண் 052 என்று முடிகிறது.
தோட்டாக்கூட்டில் 417.
இப்படி மாறிப்போனால் விலை பாதி என்று
மவுண்ட் ரோட்டுக் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.
ரூபன் முகம் சுருங்கியது.
எனக்கு அந்த 417-ஐ விட முடியவில்லை.
இன்னொருவன் இடுப்பில் இருந்தது அது.
குவியலில் இருவருடையதும் கலந்து
யார் கையோ அவசரத்தில் செருகியிருக்கிறது.
அவனுடைய உடல்
(துப்பாக்கியைச் சொல்கிறேன்)
எந்த ஆற்றுமண்ணில்,
எந்த ஊர் அலமாரியில்,
052 என்ற கூட்டோடு கிடக்கிறதோ.

லைசென்ஸ் யார் பெயரிலும் இல்லை.
போன் செய்து சொல்லிவிட்டு
செம்பியம் ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனேன்,
கிறிஸ்துமஸ் கேக் டின்னில்.
தோல் வேண்டாம் என்று பருத்தித்துணி சுற்றி,
ஆபீஸிலிருந்து கொண்டுவந்த
ஈரம் உறிஞ்சும் பொட்டலம் நாலு போட்டு.

ரைட்டர் மூடியைத் திறந்து
முதலில் மோந்து பார்த்தார்.
பிறகு பதிவேட்டில் எழுதினார்:
பழைய கைத்துப்பாக்கி, உருப்படி 1.

எண்பது வருஷமாகக் குறைந்திருந்த ஒன்று
ஏதோ ஒரு கணக்கில் ஏறிவிட்டது.
அத்தோடு எழுந்து வந்திருக்கலாம்.

"சார், ரெண்டுன்னு போடுங்க."
"ஒண்ணுதானேம்மா இருக்கு?"
கூட்டை உருவி
பக்கத்தில் வைத்தேன்.
எண்ணைக் காட்டினேன்.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.
பிறகு 1-ஐ அடித்து,
மேலே 2 என்று எழுதி,
ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.